தன்பதிவேடும் பக்ஸில்லாவும்

தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தன்பதிவேடு என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கிளார்க்கின் மேசைக்கு வரும் ஒவ்வொரு தாளுக்கும் அந்தப் பதிவேட்டில் ஓர் இடம் உண்டு. ந.க. எண், வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது, பொருள் என்ன, எப்போது மேலே வைக்கப்பட்டது, எப்போது திரும்பி வந்தது, யாரிடம் என்ன விவரம் கேட்டு எழுதப்பட்டது, எத்தனை நினைவூட்டு போனது, கடைசியில் எப்படி முடிந்தது என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தாள் இன்னும் அவர் தலைமேல்தான் இருக்கிறது என்று அர்த்தம். கண்காணிப்பாளர் பக்கத்தைப் புரட்டினாலே போதும், காலிக் கட்டங்கள் தாமாகவே கண்ணில் படும்.

நான் சாப்ட்வேர் டெஸ்டர். மூலக்குளத்தில் வீடு, வீட்டு மாடியிலேயே சின்னதாக ஓர் ஆபீஸ். என் தொழிலில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் ஒரு ஜன்னல் உண்டென்றால் அது இஷ்யூ டிராக்கர்தான். ஜிரா, பக்ஸில்லா, ரெட்மைன், மேன்டிஸ் என்று பெயர்தான் மாறும். ஒரு குழுவாகச் செய்யும் வேலையில் என்ன கெட்டுப்போனது, என்ன பாக்கி, யார் பொறுப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்பதை எண் போட்டு வைத்துக்கொள்ளும் மென்பொருள். அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஓர் அமெரிக்க விட்டில்பூச்சியிலிருந்துதான் தொடங்குவார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் சிக்கிச் செத்திருந்த பூச்சியை எடுத்து, லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்த லாக் புத்தகம் ஒரு நாட்குறிப்பு, அவ்வளவே. நாட்குறிப்பு என்றால் எங்கள் ஊருக்கும் பெருமை உண்டு. துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதி வைத்தாரே, கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் கோபப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். அவை நடந்ததைச் சொல்கின்றன. "இன்னும் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்பதில்லை. தன்பதிவேடு கேட்கும். ஆகவே என்னைப் பொறுத்தவரை டிராக்கரின் மூதாதை பாஸ்டன் பக்கத்தில் இல்லை, விழுப்புரம் தாலுகா ஆபீஸில் இருந்தது.

புதுச்சேரி ஆபீஸ் என்று சொல்லாமல் விழுப்புரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த முறை மெட்ராஸ் மாகாணத்துக்குச் சொந்தமானது. டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் டாட்டன்ஹாம் முறை என்பார்கள். தமிழ்நாட்டில், ஆந்திராவில், கேரளத்தில் எல்லாம் அதுதான் ஓடியது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம்கூட, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. எங்கள் ஊர்க் கோப்புகளின் வம்சாவளி வேறு. ஆனால் மூலக்குளத்தில் குடியிருந்துகொண்டு தினமும் விழுப்புரம் பஸ் பிடித்து வேலைக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. வில்லியனூர், திருபுவனை, மதகடிப்பட்டு, வளவனூர், கோலியனூர் என்று பஸ் போகும். வழியில் எந்த ஊர் பாண்டி, எந்த ஊர் தமிழ்நாடு என்று சாராயக் கடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். என் தாய்மாமா அப்படிப் போய் வந்தவர். உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றார். தன்பதிவேட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

மாமா விளக்கியதில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ந.க. எண்ணின் அமைப்பு. ஆ3/1432/94 என்று இருக்கும். 94 என்பது வருடம். 1432 என்பது அந்த வருடத்தில் அந்த ஆபீஸுக்கு வந்த தாள்களின் வரிசை. ஆ3 என்பதுதான் சூட்சுமம். அது ஆளின் பெயர் அல்ல, இருக்கையின் பெயர். ஆ பிரிவில் மூன்றாவது இருக்கை. அங்கே இன்று ஒருவர் இருப்பார், மாற்றல் வந்தால் நாளை வேறொருவர் வருவார். தாள் இருக்கையை விட்டு நகராது. புதிதாக வருகிறவர் கையெழுத்துப் போட்டுத் தன்பதிவேட்டை வாங்கும்போதே அதிலுள்ள காலிக் கட்டங்கள் எல்லாம் அவர் சொத்தாகிவிடும். "நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது சார்" என்ற பேச்சு எடுபடாது. எடுபடக் கூடாது என்பது விதி. எடுபட்டதும் உண்டு, அது வேறு கதை.

அடுத்தது கடிதத்தின் தலைப்பகுதி. பொருள், பார்வை என்று இரண்டு வரி இருக்குமே, நாம் கவனிக்காமல் தாண்டிப் போவது. பொருள் என்பது ஒரே வாக்கியத்தில் பிரச்சினை. பார்வை என்பது இதற்கு முன்னால் இதே விஷயமாக நடந்த கடிதங்களின் எண்களும் தேதிகளும். இன்று டிராக்கரில் ஓர் இஷ்யூவைத் திறந்தால் மேலே தலைப்பு, கீழே இதோடு தொடர்புள்ள பிற இஷ்யூக்களின் எண்கள். கடிதத்தின் அடியில் வரும் இணைப்பும் நகலும்கூட இங்கே உண்டு. ஒன்றுகூட விடுபடவில்லை.

முடிப்பதிலும் வகை உண்டு. நி.மு. என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு. ப.மு. பத்து வருடம், மூ.மு. மூன்று வருடம், ஓ.மு. ஒரு வருடம். ஒரு வேலை முடிந்தது என்று எழுதும் அதே நிமிடத்தில், அந்த முடிவை எவ்வளவு காலம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கிளார்க் எழுதியாக வேண்டும். நான் பார்த்த எந்த மென்பொருளும் முடிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சேமிக்கும் இடம் மலிவாகிவிட்டதால் எல்லாமே நி.மு. ஆகிவிட்டது.

கணினிக்காரர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில், மிகத் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். 1992 வாக்கில் கலிபோர்னியாவின் சிக்னஸ் நிறுவனத்தில் 'நாட்ஸ்' என்ற மென்பொருள் எழுதப்பட்டது. கட்டற்ற மென்பொருள் உலகத்தில் குறைகளுக்கு எண் போட்டுத் துரத்திய முதல் கருவிகளில் அது ஒன்று. 1994-ல் இயான் ஜாக்சன் டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்துக்காக ஒன்றை எழுதினார். அது முழுக்க முழுக்க மின்னஞ்சலில் ஓடும். குறையை எழுதி அனுப்பினால் எண் வரும், அந்த எண்ணுக்குப் பதில் எழுதினால் கோப்பில் சேரும், முடிந்ததென்றால் அதற்கும் ஒரு முகவரிக்கு மெயில். இன்றும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1998-ல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் நிரலை உலகுக்குத் திறந்துவிட்டபோது, உள்ளே வைத்திருந்த பழைய குறைப்பட்டியலுக்கு மாற்றாக டெர்ரி வைஸ்மன் எழுதியது பக்ஸில்லா. முதலில் டிசிஎல் மொழியில் எழுதி, பிறகு பெர்லுக்கு மாற்றினார். அந்தத் திறந்த நிரலிலிருந்து வளர்ந்த மோசில்லா திட்டத்தின் பக்ஸில்லாவில் எண்ணிக்கை 2014-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. தாலுகா ஆபீஸ் போல் ஜனவரிக்கு ஜனவரி ஒன்றிலிருந்து தொடங்காததால் இந்தப் பெரிய எண்.

தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ல். அடுத்த வருடம் சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் பக்ஸில்லா இல்லை, எக்செல் இருந்தது. பொது ஃபோல்டரில் ஒரே ஷீட். ஒருவர் திறந்து வைத்துக்கொண்டு டீக்குப் போய்விட்டால் மற்றவர்களுக்கு 'பூட்டப்பட்டுள்ளது' என்று வரும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் தன் மேசையில் ஒரு பிரதி எடுத்து அதில் எழுதுவார். சாயங்காலம் பார்த்தால் ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் புதியது என்று மூன்று ஷீட், மூன்றிலும் 47-ஆம் எண் வெவ்வேறு குறை. பெரிய கம்பெனிகள் மெர்க்குரியின் டெஸ்ட் டைரக்டரை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தன. எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பழைய பெட்டியில் லினக்ஸ் ஏற்றி, சிஸ்டம் அட்மின் பையன் ஒருவன் பக்ஸில்லாவை நிறுவிக் கொடுத்தான். காசு கிடையாது.

எனக்குப் பாண்டிப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும் என்பதால், பிரான்ஸ் வாடிக்கையாளர்களின் வேலை என் தலையில் விழுந்தது. நான் போட்ட முதல் குறைகளில் ஒன்று, பிரெஞ்சு எழுத்தின் தலைமேல் வரும் சாய்கோடு பற்றியது. கோடு வரவேண்டிய எழுத்து இருக்கும் இடத்தில் சம்பந்தமில்லாத இரண்டு எழுத்துகள் வந்து நின்றன. யுடிஎஃப்-8 முறையில் சேமித்ததை லத்தீன்-1 என்று நினைத்துக் காட்டினால் வரும் வியாதி அது. "பிரெஞ்சு சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். "என் மிஷினில் சரியாக வருகிறது" என்று எழுதி டெவலப்பர் மூடிவிட்டார். பக்ஸில்லாவில் அதற்கென்றே ஒரு முடிவு வகை உண்டு, 'வொர்க்ஸ்ஃபார்மீ' என்று. இன்வேலிட், வோன்ட்ஃபிக்ஸ், டூப்ளிகேட் என்று மற்ற வகைகளும் இருந்தன. இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர் எந்த நாட்டு அரசு அலுவலகத்திலாவது மனுவோடு நின்றிருப்பார் என்று நான் அப்போது நினைத்தேன்.

2000-ல் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற அமெரிக்கர் குறையை எப்படிப் பதிய வேண்டும் என்பதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஃபாக்பக்ஸ் என்ற டிராக்கரை விற்றவர் அவர், பிற்பாடு டிரெல்லோ வந்ததும் அவர் கம்பெனியிலிருந்துதான். ஒரு குறையைப் பதிகிறவர் மூன்று விஷயம் சொல்லியே ஆக வேண்டும் என்றார் அவர்: என்னென்ன செய்தால் அந்தக் குறை வருகிறது, என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாய், அதற்குப் பதில் என்ன நடந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும் ஆட்களைக் கேட்டால் இதையே வேறு மாதிரிச் சொல்வார்கள். சர்வே எண்ணும் தேதியும் இல்லாத மனுவை அவர்கள் எழுத மாட்டார்கள். "அழுது எழுதினா தாசில்தார் படிக்க மாட்டாருங்க, நம்பர் போட்டு எழுதினா படிப்பார்" என்று ஒருவர் மாமாவிடம் சொல்வாராம்.

மாமா ஒருமுறை சென்னைக்கு வந்திருந்தபோது வீட்டில் கணினியைத் திறந்து பக்ஸில்லாவைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது தன்பதிவேடுதானே பாப்பா?"

"ஆமா மாமா. ஆனா எல்லாரும் பாக்கலாம்."

"எல்லாரும்னா? கண்காணிப்பாளரா?"

"டீம்ல இருக்கிற எல்லாரும். இதே மாதிரி மோசில்லாவுதை உலகத்துல யார் வேணாலும் பாக்கலாம். உங்க பேர்ல எத்தனை பாக்கின்னு ஜப்பான்காரன்கூடப் பாக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்படி இருந்தா நான் பாதி நாள் லீவு போட்டிருப்பேன்" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு மரபுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அதுதான். தன்பதிவேடு மேலதிகாரிக்காக. மனு கொடுத்தவர் அதைப் பார்க்க முடியாது. அவர் கையில் இருப்பது ஒப்புகைச் சீட்டு மட்டும், அதுவும் கேட்டு வாங்கினால். டெபியன்காரர்கள் 1997-ல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில் "பிரச்சினைகளை மறைக்க மாட்டோம்" என்பதைத் தனி விதியாகவே வைத்தார்கள். குறைப்பட்டியல் முழுவதும் எப்போதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்பது அதன் சாரம். இந்தியாவில் அதற்கு இணையாக ஒன்று வர 2005 அக்டோபர் 12 ஆனது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். பத்து ரூபாய் கட்டி, என் மனு எந்த இருக்கையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கலாம். பதில் தர முப்பது நாள் கெடு. மாமா ஓய்வு பெற்ற பிறகு வந்தது. அவர் அதிர்ஷ்டசாலி.

இன்னொரு வித்தியாசம், முடிந்ததைத் திரும்பத் திறப்பது. தாலுகா ஆபீஸில் ஓ.மு. போட்டு முடித்த விஷயத்தை நீங்கள் விடாமல் மறுபடி மனுவாகக் கொடுத்தால், அதற்குப் புது ந.க. எண் விழும். பழையது பார்வை வரிக்குப் போய்விடும். கணக்கில் பழையது முடிந்தது முடிந்ததுதான். பக்ஸில்லாவில் 'ரீஓபன்' என்று ஒரு நிலை இருந்தது. அதே எண், அதே வரலாறு, கீழே அசடு வழியும் பழைய பதில்கள் எல்லாம் அப்படியே இருக்க, குறை உயிரோடு எழுந்து வரும். டெஸ்டராக எனக்குக் கிடைத்த ஆயுதங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை.

இருக்கை விஷயத்தில் மட்டும் தாலுகா ஆபீஸே மேல் என்பேன். மென்பொருளில் குறையை ஆளின் பெயரில் எழுதுகிறோம். அந்த ஆள் வேறு கம்பெனிக்குத் தாவினால் குறைகள் அநாதை. மோசில்லாவில் யாரும் எடுத்துக்கொள்ளாத குறைகளுக்கென்று ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'நோபடி', அதாவது யாருமில்லை. ஆ3 காலியாக இருந்தால்கூட அது ஆ3 ஆகவே இருக்கும், ஆ4-இன் பொறுப்பில் கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள்.

நோய் மட்டும் இரண்டுக்கும் பொது. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் தயாரிக்க வேண்டும். எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி. பாக்கி அதிகமானால் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் தாசில்தார் நிற்க வேண்டி வரும். அதனால் மாதத்தின் கடைசி நாட்களில் ஏராளமான தாள்களுக்குத் திடீரென்று மோட்சம் கிடைக்கும். "மேற்கண்ட பொருள் தொடர்பாக உரிய அலுவலரை அணுகவும்" என்று ஒரு வரி எழுதினால் ஒன்று குறைந்தது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் இதன் மறுபதிப்பைப் பார்த்தேன். டெஸ்டர் எத்தனை குறை கண்டுபிடித்தார் என்று வருட மதிப்பீட்டில் மார்க் போடத் தொடங்கினார்கள். ஒரே பக்கத்தில் ஐந்து எழுத்துப்பிழை இருந்தால் ஐந்து தனித்தனிக் குறையாகப் போட்டோம். டெவலப்பருக்கு எத்தனை ரீஓபன் ஆனது என்று மார்க். அவர்கள் எங்களிடம் வந்து, "ரீஓபன் பண்ணாதீங்க, புதுசா ஒண்ணு போடுங்க, உங்களுக்கும் ஒரு எண்ணிக்கை ஏறும்" என்றார்கள். இரண்டு பக்கமும் லாபம். மென்பொருள் மட்டும் கெட்டுப்போனபடியே வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆளை எடைபோட ஆரம்பித்த நாளோடு ஒரு டிராக்கர் உண்மை பேசுவதை நிறுத்திவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு வந்ததெல்லாம் வியாபாரம். 2002-ல் சிட்னியில் இரண்டு இளைஞர்கள், மைக் கேனன்-புரூக்ஸும் ஸ்காட் ஃபார்க்வாரும், அட்லாசியன் என்ற கம்பெனியைத் தொடங்கி ஜிராவை விற்றார்கள். அதில் குறை மட்டுமல்ல, எந்த வேலையையும் போடலாம். மனிதவளத்துறை லீவு விண்ணப்பத்தைப் போட்டது, சட்டத்துறை ஒப்பந்தத்தைப் போட்டது. ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் திட்டத்தின் குறியெழுத்து வரும், ஆ3 மாதிரியே. டொயோட்டாவில் தைச்சி ஓனோ பாகங்களோடு அனுப்பிய கான்பன் அட்டைகள் திரையில் நெடுவரிசைகளாக ஏறின. 2006-ல் ழான்-ஃபிலிப் லாங் எழுதிய ரெட்மைன் இலவசமாக வந்தது. அதே வருடம் சென்னையிலிருந்து ஸோஹோ புராஜெக்ட்ஸ். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட ஸ்ரீதர் வேம்புவின் கம்பெனி அது. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வீடு மாற்றிக்கொண்டு வந்தபோது உடைந்துபோன தன் டிவிக்கு இழப்பீடு வாங்கப் பட்ட பாடுதான் அதற்கு வித்து என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் புகாருக்கு எண் போட்டுத் துரத்தும் மென்பொருள் அது, டிராக்கரின் சித்தப்பா மகன். பின்னால் ஃபிரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பர் 22-ல் நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. மனு எழுதிப் பழகிய நாட்டிலிருந்து மனுவைக் கவனிக்கும் மென்பொருள் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான் ஊர் திரும்பி, நாலைந்து பேரை வைத்து வேலை எடுக்க ஆரம்பித்தபோது ரெட்மைனைத்தான் போட்டுக்கொண்டேன். ஜிராவை நம் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளும் சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15-ஓடு நின்றுவிட்டது. சின்ன ஆபீஸுக்கு, பெட்டி நம் மேசைக்கு அடியிலேயே இருப்பது நல்லது. மாமாவிடம் கற்றதில் இரண்டை அதில் ஏற்றியிருக்கிறேன். குறைகள் ஆள் பேரில் இல்லை, இருக்கைப் பேரில். டிசைன்-1, நிரல்-2 என்று இருக்கும், யார் வேலையை விட்டாலும் அது நகராது. இன்னொன்று, முடிக்கும்போது ஒரு கட்டாயக் கட்டம்: நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, மூன்று வருடத்துக்கு முன் ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்று தேடுகிற நாள் வரும், நி.மு. என்று வடிகட்டினால் பதினைந்து இருபது முக்கியமான முடிவுகள் மட்டும் நிற்கும், அப்போது சிரிக்க மாட்டார்கள். எண்ணிக்கையை யாருடைய சம்பளத்தோடும் சேர்ப்பதில்லை.

மோசில்லாவின் 1998-ஆம் வருடக் குறைகளை இன்றைக்கும் மூலக்குளத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். உபுண்டுவை உருவாக்கிய மார்க் ஷட்டில்வொர்த், 2004 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் சந்தை ஆதிக்கத்தையே லான்ச்பேட் என்ற டிராக்கரில் முதல் எண் குறையாகப் பதிந்து, 2013 மே மாதம் அதை மூடிவைத்தது வரை எல்லாம் அங்கங்கே அப்படியே இருக்கிறது. மாமாவின் தன்பதிவேடுகள் அப்படி எங்கும் இல்லை. காலம் முடிந்ததும் பதிவறையிலிருந்து கழித்துவிடுவதுதான் விதி. மிஞ்சியிருப்பவை, ஓய்வு பெற்றவர்களின் வீட்டுப் பரணில் கிடக்கும் மாவட்ட அலுவலக நடைமுறை நூல்களும், துறைத் தேர்வுக்குப் படித்தபோது ஓரத்தில் எழுதிய குறிப்புகளும்தான். விழுப்புரம், கடலூர், பாண்டி பக்கம் யார் வீட்டிலாவது அப்படி ஒன்று இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு நூலகத்துக்காவது கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது மறக்காமல் ஒப்புகை கேளுங்கள், அதில் எண் இருக்கட்டும்.